செய்திக் குறிப்பு: ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையைக் கூடித் திருத்துதல்



ஆண்டுதோறும் ஜூன் பிறந்துவிட்டால், நம் தஞ்சைத் தரணியில் பெரியவர்கள் நாளிதழைப் பிரித்ததும் முதலில் தேடுவது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத்தான். நீர்மட்டம் எத்தனை அடி, இருப்பு எத்தனை டி.எம்.சி., திறப்பு வினாடிக்கு எத்தனை கன அடி? இந்த மூன்று எண்களை நம்பியே நாற்றங்காலுக்கு விதை தெளிப்பதும், உழவு மாட்டிற்கோ டிராக்டருக்கோ சொல்லி வைப்பதும், கடன் கேட்கப் போவதும் முடிவாகின்றன. அந்த எண்கள் நாளிதழுக்கு எப்படி வந்து சேர்கின்றன என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? நிருபர் அணையில் நின்று அளந்து கொண்டு வருவதில்லை. பெரும்பாலும் ஓர் அலுவலகம் அவற்றை எழுதி, நாளும் எண்ணும் இட்டு, எல்லாப் பத்திரிகைகளுக்கும் ஒரே வாசகமாக அனுப்பி வைக்கிறது. அந்தத் தாளுக்குத்தான் செய்திக் குறிப்பு என்று பெயர்.

இந்தச் செய்திக் குறிப்பைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை ஐந்தாறு மாணவியர் சேர்ந்து செம்மை செய்வதானால், எங்கே தொடங்குவது, எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதே இப்பாடம். பார்வைக்கு மிகச் சிறிய பொருள். உள்ளே இறங்கினால் ஆழம் தெரியும்.

தமிழில் சொற்பொருளையும் செய்திகளையும் தொகுத்து வைக்கும் மரபு பழையது. காவிரிக் கரைக்கு அப்பால், கொள்ளிடத்தை அடுத்த ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தந்தார். ஆ. சிங்காரவேலு முதலியார் பல ஆண்டுகள் தனியொருவராக உழைத்து உருவாக்கிய அபிதான சிந்தாமணி 1910-இல் வெளிவந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு, தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. 1981-இல் நம் தஞ்சையில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியற் களஞ்சியம், வாழ்வியற் களஞ்சியம் என்ற இரு பெரும் வரிசைகளைக் கொண்டு வந்தது. இவை எல்லாவற்றிலும் அறிஞர் எழுதுவார், நாம் படிப்போம். அச்சான பக்கத்தில் பிழை இருந்தால் அடுத்த பதிப்பு வரும்வரை அது அப்படியே நிற்கும்.

விக்கிப்பீடியா 2001-இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. 2003-இல் தமிழிலும் பிறந்தது. அதன் தொடக்க ஆண்டுகளில் மிகுதியாக எழுதி அதை நிலைநிறுத்தியவர்களுள் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் முதன்மையானவர். 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி மாணவர்களுக்காக விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டியும் நடந்தது. 2017-இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிற்று. இங்கே படிப்பவரே எழுதுபவர். எழுதுபவரைத் திருத்துபவரும் இன்னொரு படிப்பவர். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ‘தொகு’ என்று ஒரு சொல் இருக்கும். அதை அழுத்தினால் பக்கம் திருத்துவதற்குத் திறக்கும். ‘வரலாறு’ என்பதை அழுத்தினால், யார் எந்த நாளில் எந்தச் சொல்லை மாற்றினார் என்பது கணக்குப் பிள்ளையின் பேரேடு போல வரிசையாக வரும். கட்டுரைக்குப் பின்புறம் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. கருத்து மாறுபாடுகளை அங்கேதான் பேசித் தீர்க்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவான கலந்துரையாடல் இடத்திற்குத் தமிழ் விக்கிப்பீடியர் வைத்திருக்கும் பெயர் ஆலமரத்தடி. நம் ஊர்ப் பஞ்சாயத்து கணினிக்குள் போய் அமர்ந்துவிட்டது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

பெயரில் தொடங்கும் சிக்கல்

கட்டுரையின் தலைப்பு என்ன? செய்திக் குறிப்பு, செய்தி வெளியீடு, பத்திரிகைக் குறிப்பு, ஊடக அறிக்கை எனப் பல பெயர்கள் வழக்கில் உள்ளன. அரசு அனுப்பும் தாளின் தலையில் ‘செய்தி வெளியீடு எண்’ என்றே இருக்கும். அரசியல் தலைவர்கள் வெளியிட்டால் அதை ‘அறிக்கை’ என்கிறோம். ஆனால் விசாரணைக் குழு கொடுப்பதும் அறிக்கை, நிதிநிலைக் கணக்கும் அறிக்கை. ஆகையால் தலைப்பிற்கு அந்தச் சொல் ஆகாது. ஒரு பெயரைத் தலைப்பாக வைத்து, மற்றவற்றை ‘வழிமாற்று’ என்னும் வசதியால் அதனோடு இணைத்துவிடலாம். எந்தப் பெயரைத் தேடி வந்தாலும் படிப்பவர் அதே கட்டுரைக்கு வந்து சேர்வார். தலைப்பை மாற்றுமுன் பேச்சுப் பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

ஆங்கிலக் கட்டுரையைக் கணினியின் தானியங்கி மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்து ஒட்டிவிடலாமே என்று சிலர் நினைப்பார்கள். செய்திக் குறிப்பின் கடைசியில் அனுப்பும் நிறுவனத்தைப் பற்றி எப்போதும் ஒரே மாதிரியாக வரும் அறிமுகப் பத்தியை ஆங்கிலத்தில் ‘பாய்லர் பிளேட்’ என்பார்கள். முற்காலத்தில் பல பத்திரிகைகளுக்கும் பொதுவான செய்திகளை உலோகத் தகட்டிலேயே வார்த்து அனுப்பினார்கள். அத்தகடு கொதிகலன் தகட்டைப் போலிருந்ததால் வந்த பெயர் அது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் செய்திக் குறிப்பின் அடியில் கொதிகலன் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்! ‘வழக்கமான அறிமுகப் பத்தி’ என்று எழுதினால் ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் விளங்கும்.

இனி அதன் உடலமைப்பு. மேலே தலைப்பு, அடுத்து நாளும் இடமும், பிறகு முதற்பத்தி. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் வினாக்களுக்கு இயன்றவரை முதற்பத்தியிலேயே விடை வந்துவிட வேண்டும். முக்கியமானது முன்னே, முக்கியம் குறைந்தது பின்னே. பத்திரிகையில் இடம் போதாவிட்டால் துணையாசிரியர் கீழிருந்து வெட்டுவார் என்பதனால் ஏற்பட்ட முறை இது. பெரிய கோயில் விமானம் அடியில் அகன்று மேலே குறுகுகிறது அல்லவா? அதைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தால் செய்திக் குறிப்பின் வடிவம். பின்னர் விவரம், பொறுப்பாளர் ஒருவரின் கூற்று, நாம் மேலே கண்ட அறிமுகப் பத்தி, தொடர்புக்கு முகவரி. இன்ன நாள், இன்ன மணிவரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு வருவதும் உண்டு. தமிழ்நாடு அரசின் குறிப்பாயின் அடியில் ‘வெளியீடு: இயக்குநர், செய்தி மக்கள் தொடர்புத் துறை’ என்று முடியும். மாவட்டங்களில் இதே பணியைச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் பார்க்கிறார். மைய அரசுக்குப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் இருக்கிறது. அதன் வேர் 1919-இல் சிம்லாவில் உள்துறையின் கீழ் தொடங்கிய சிறு பிரிவு.

ரயில் கவிழ்ந்த நாள்

வரலாற்றுப் பகுதிதான் கட்டுரையில் சுவையானது. தவறு நேர எளிதான இடமும் அதுவே. 1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், அட்லாண்டிக் சிட்டிக்குச் சென்ற மின்ரயில் ஒன்று பாலத்தில் தடம் புரண்டு நீரில் விழுந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விபத்தை மூடி மறைப்பதே அக்காலத்து ரயில்வே நிறுவனங்களின் வழக்கம். பென்சில்வேனியா ரயில்வேயின் ஆலோசகராக இருந்த ஐவி லீ என்பவர் அதற்கு மாறாக, நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குத் தந்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்திற்கும் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். நியூயார்க் டைம்ஸ் அவர் எழுதியதை அப்படியே அச்சிட்டது. இதையே உலகின் முதல் செய்திக் குறிப்பு என்று பல நூல்கள் சொல்கின்றன.

‘உலகின் முதல்’ என்ற சொல்லைக் கண்டால் கலைக்களஞ்சியம் எழுதுகிறவர் உடனே நின்றுவிட வேண்டும். ‘இதுவே முதல்’ என்று நாம் அடித்துச் சொல்லக் கூடாது. ‘இதனை முதல் என்று பலர் குறிப்பிடுகின்றனர்’ என்று எழுதிச் சான்றைக் காட்ட வேண்டும். பலருக்கு இது வெறும் சொல் மாற்றமாகத் தோன்றும். அப்படியன்று. முதல் வாக்கியத்திற்கு நாம் பொறுப்பேற்கிறோம். இரண்டாம் வாக்கியம் பொறுப்பு யாருடையது என்று காட்டுகிறது.

ஐவி லீயின் கதை அத்துடன் நின்றுவிட்டால் கட்டுரை புகழ்ச்சிப் பத்திரம் ஆகிவிடும். 1914 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடார முகாம் தாக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் மடிந்தனர். அந்தச் சுரங்க நிறுவனத்தில் ராக்ஃபெல்லர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. லீ அவர்களுக்காகத் தொடர்ந்து அறிக்கைகளை வெளியிட்டார். அவற்றில் தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியம் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டப்பட்டிருந்தது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. உண்மையை ஒளிக்காமல் தந்தவர் என்று 1906-இல் பெயரெடுத்தவரும், பொய்யான எண்களைப் பரப்பியவர் என்று 1914-இல் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒருவரே. கட்டுரையில் இரண்டும் இருக்க வேண்டும், அடுத்தடுத்து. நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புக் கூற வேண்டிய வேலை நமக்கு இல்லை.

இங்கே ஒரு மாணவிக்கு நம் ஊர் நினைவு வரக்கூடும். முதலாம் இராசராச சோழன் காலத்திலிருந்து கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி என்ற பகுதி நிலையான வாசகமாக இடம் பெறத் தொடங்கிற்று. மன்னன் வென்ற நாடுகளை வரிசைப்படுத்தும் அந்த வாசகம், ஊருக்கு ஊர் கோயிற் சுவர்களில் ஏறத்தாழ ஒரே மாதிரியாகப் பொறிக்கப்பட்டது. புது வெற்றி வந்தால் ஒரு வரி கூடும். ஓர் அரண்மனையிலிருந்து புறப்பட்டு எல்லா ஊருக்கும் ஒரே வாசகமாகப் போகும் செய்தி! செய்திக் குறிப்பின் பாட்டி என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது. இராசராசனின் மெய்க்கீர்த்தி மேலைச் சாளுக்கிய நாட்டை வென்றதாகப் பெருமிதத்தோடு கூறும். சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயன் காலத்து ஹொட்டூர்க் கல்வெட்டு, 1007-ஐ ஒட்டியது, அதே படையெடுப்பை வேறு விதமாகச் சொல்கிறது: சோழன் ஒன்பது லட்சம் படையோடு வந்து நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றான், இறுதியில் சத்தியாசிரயன் அவனை ஓட்டிவிட்டான். வரலாற்றாசிரியர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார்கள். ஒன்பது லட்சம் என்ற எண்ணை அப்படியே நம்புவதுமில்லை. சோழப்படை ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை என்று எண்ணிக்கொள்வதுமில்லை.

சரி, இந்த ஒப்புமையை விக்கிப்பீடியாக் கட்டுரையில் சேர்க்கலாமா? கூடாது. செய்திக் குறிப்பையும் மெய்க்கீர்த்தியையும் இப்படி இணைத்துக் காட்டுவது நானாகச் செய்தது. அறிஞர் ஒருவர் நூலிலோ ஆய்விதழிலோ அவ்வாறு எழுதியிருந்தால் அவர் பெயரைச் சொல்லிச் சேர்க்கலாம். எழுதுபவரின் சொந்தக் கண்டுபிடிப்புக்குக் கலைக்களஞ்சியத்தில் இடமில்லை என்பது விக்கிப்பீடியாவின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அப்படிப்பட்ட எண்ணங்களை எழுதத்தான் பள்ளி ஆண்டு மலர் இருக்கிறது!

ஒரே மதகின் மூன்று வாய்க்கால்கள்

விக்கிப்பீடியா எல்லாவற்றுக்கும் சான்று கேட்கும். சான்றில்லாத வாக்கியத்தின் அருகில் யாரேனும் ‘சான்று தேவை’ என்று குறித்துவிட்டுப் போவார்கள். கோபம் கொள்ள வேண்டாம். மாணவியர் உடனே சொல்வார்கள்: “டீச்சர், மூன்று பேப்பரில் வந்திருக்கிறது, மூன்று சான்று இருக்கிறது.” மூன்றையும் எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். வாக்கியங்கள் ஒன்றேயானால், உவமைகூட மாறாதிருந்தால், மூன்றும் ஒரே செய்திக் குறிப்பிலிருந்து வந்தவை. ஒரு மதகிலிருந்து மூன்று வாய்க்கால் பிரிந்தாலும் தண்ணீர் ஒன்றுதான். மதகில் சேறு கலந்தால் மூன்று வயலிலும் சேறுதான். நிருபர் தாமே சென்று பார்த்து, எதிர்த்தரப்பையும் கேட்டு எழுதிய செய்தி நான்காவது பத்திரிகையில் இருக்கலாம், அதைத் தேடுங்கள்.

அப்படியானால் செய்திக் குறிப்பைச் சான்றாகக் காட்டவே கூடாதோ? காட்டலாம், அளவறிந்து. இன்ன நாளில் அணை திறக்கப்படும் என்று அரசு அறிவித்தது என்பதற்கு அரசின் குறிப்பே நல்ல சான்று. அத்திட்டத்தால் உழவர் வாழ்வு மலர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது. தன் பிள்ளையின் வயதைத் தாய் சொன்னால் ஏற்கலாம். தன் பிள்ளையே வகுப்பில் அறிவாளி என்றால் மதிப்பெண் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பாசனத்திற்கு வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. 2020, 2021 ஆண்டுகளில் ஜூன் 12 அன்றே திறந்தது. 2022-இல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள்; நாடு விடுதலை பெற்ற பின் மே மாதத்தில் திறப்பது அதுவே முதல் முறை என்று அப்போது செய்திகள் வந்தன. 2023-இல் ஜூன் 12. 2024-இல் இருப்புக் குறைவால் தாமதமாகி ஜூலை 28. 2025-இல் மீண்டும் ஜூன் 12.

இதில் 2023-ஐக் கவனியுங்கள். அந்த ஜூன் மாதத்துச் செய்திக் குறிப்பை மட்டும் வைத்து ஒருவர் கட்டுரை எழுதினால், ‘உரிய நாளில் தண்ணீர் திறக்கப்பட்டது’ என்று நிறுத்திவிடுவார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆண்டு கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய நீர் வராமல், இருப்புக் கரைந்து, அக்டோபர் 10 அன்றே பாசனத்திற்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. ஜனவரிவரை ஓட வேண்டிய ஆறு அக்டோபரில் நின்றது. குறுவை காய்ந்த வயல்களும், சம்பா விதைக்கத் தயங்கிய உழவர்களும் ஜூன் மாதக் குறிப்பில் எப்படி இருப்பார்கள்? செய்திக் குறிப்பு ஒரு நிகழ்ச்சியின் தொடக்க நாளில் எழுதப்படுவது. கலைக்களஞ்சியம் நிகழ்ச்சி முடிந்த பிறகும் திரும்பி வந்து பார்க்க வேண்டியது. இதை நான் வேறு எந்த விதியைக் காட்டிலும் அழுத்திச் சொல்வேன்.

‘திறக்கப்பட்டது’ என்பதற்கும் ‘வந்து சேர்ந்தது’ என்பதற்கும் உள்ள தூரத்தையும் எண்ணுங்கள். மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிந்து, கிளை வாய்க்கால்களில் இறங்கிப் போக வேண்டும். வாய்க்கால் தூர் வாராமலிருந்தாலோ, முறைப்பாசனத்தில் தம் முறை தள்ளிப் போனாலோ, வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை உழவருக்கு அணை திறந்த நாள் ஒரு செய்தி மட்டுமே. அதனால் ‘இத்தனை லட்சம் ஏக்கர் பாசன வசதி பெறும்’ என்று குறிப்பில் கண்டால், கட்டுரையில் ‘பெற்றது’ என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். ‘பெறும் என அரசு அறிவித்தது’ என்பதே சரி. காலம் காட்டும் ஓர் இடைநிலை மாறினால் பொருளே மாறிவிடும் என்று இலக்கண வகுப்பில் படித்தது இங்கே பயன்படுகிறது.

கணக்கும் துணை செய்யும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 10,000 கன அடி வீதம் திறந்தால் ஒரு நாளின் 86,400 வினாடிகளில் 86 கோடியே 40 லட்சம் கன அடி போகும், அதாவது 0.864 டி.எம்.சி. அணை முழுதும் நிரம்பி 93.47 டி.எம்.சி. இருந்தாலும், புதிதாக நீர் வராவிட்டால், இந்த வீதத்தில் சுமார் 108 நாளில் காலியாகிவிடும். ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை 230 நாட்கள். ஆகவே அணை நிரம்பிவிட்டது என்ற ஒரு செய்தியால் மட்டும் பருவம் முழுவதும் கவலையில்லை என்று எவரேனும் எழுதினால், தாளில் நான்கு வரி கணக்குப் போட்டே அதைச் சோதித்துவிடலாம். கர்நாடகம் தர வேண்டிய பங்கு ஏன் நமக்கு உயிராக இருக்கிறது என்பதும் அதே கணக்கில் தெரியும். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அந்தப் பங்கை ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என நிர்ணயித்தது.

செய்தி உழவரிடம் போய்ச் சேர்வதால் விளையும் நன்மையையும் விட்டுவிடக் கூடாது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் நம் மாவட்டத்தில் பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளில் கேட்டுத் தெரிந்துகொண்ட உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். அதிகாரபூர்வமான செய்தி என்றாலே ஐயத்துக்குரியது என்று எவரும் முடிவு கட்ட வேண்டாம். அது யார் வாய்ச்சொல் என்பது தெரிந்திருந்தால் போதும்.

கூடிச் செய்யும் முறை

முதலில் ஒவ்வொருவரும் தனித்தனிப் பயனர் பெயர் பெறுங்கள். ஒரு கணக்கைப் பலர் பயன்படுத்துவது விதிக்குப் புறம்பு. பயனர் பெயரில் உங்கள் முழுப்பெயரோ, பிறந்த ஆண்டோ, பள்ளியின் பெயரோ வேண்டாம், புனைபெயர் போதும். பெண்பிள்ளைகளுக்கு இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். பயனர் பக்கத்தில் படமும் தொலைபேசி எண்ணும் போடாதீர்கள்.

நேரே கட்டுரையில் கைவைக்காமல் ‘மணல்தொட்டி’ எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். பிறகு கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், ‘வரலாறு பகுதியில் ஐவி லீயைப் பற்றிச் சேர்க்க எண்ணுகிறோம், இன்ன நூல் சான்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, இரண்டொரு நாள் காத்திருங்கள். வேலையைப் பிரித்துக்கொள்வது உங்கள் விருப்பம். ஒருத்தி நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டலாம், மற்றொருத்தி எழுதலாம், சந்திப்பிழை பார்ப்பதில் கெட்டிக்காரி ஒருத்தி வகுப்பில் நிச்சயம் இருப்பாள், அவளிடம் பிழைதிருத்தத்தை விடுங்கள். எண்களைச் சரிபார்ப்பவள் மட்டும் எழுதியவளாக இருக்கக் கூடாது. தன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

ஒரே மூச்சில் கட்டுரை முழுவதையும் மாற்றிவிடாமல், சிறு சிறு திருத்தமாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் கீழே உள்ள சுருக்கக் கட்டத்தில் ‘சான்று சேர்த்தேன்’, ‘புகழ்ச்சொல் நீக்கினேன்’ என்று காரணம் எழுதுங்கள். பின்னால் வருபவர் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்க அது வசதி. உங்கள் திருத்தத்தை முகமறியாத ஒருவர் நீக்கிவிட்டால், உடனே திரும்பப் போட்டு மல்லுக்கு நிற்க வேண்டாம். பேச்சுப் பக்கத்திற்குப் போய், ‘ஐயா, நீக்கியதன் காரணம் அறியலாமா?’ என்று கேளுங்கள். அவர் யாழ்ப்பாணத்திலோ டொராண்டோவிலோ இருக்கும் ஒரு பெரியவராக இருக்கலாம். உங்களைவிட இளைய பிள்ளையாகவும் இருக்கலாம்.

உங்களுக்குள்ளேயே பிணக்கு வரும். செய்திக் குறிப்பு என்பது இலவச விளம்பரமே என்று ஒருத்தி எழுதுவாள். மக்களுக்குத் தகவல் தரும் தொண்டு என்று இன்னொருத்தி அழித்து எழுதுவாள். இருவரும் பாதி பாதி விட்டுக்கொடுத்து, ‘ஓரளவு விளம்பரம், ஓரளவு தொண்டு’ என்று எழுதினால் நடுநிலை வந்துவிடுமா? வராது, அது யாருடைய கருத்தும் அல்லாத ஒரு கருத்து. விளம்பரம் என்று குறை கூறுபவர் யார், எந்த நூலில், என்ன காரணம் சொல்லி. தொண்டு என்பவர் யார், எங்கே. அதைத் தேடி எடுத்து இருவர் வாதத்தையும் அவரவர் பெயரோடு வையுங்கள்.

சொற்களில் களை எடுப்பது ஒரு தனி வேலை. பயிற்சிக்காக நானே புனைந்த வாக்கியம் இது: ‘உழவர் பெருமக்களின் நெஞ்சம் குளிர, மாபெரும் வரலாற்றுச் சிறப்புமிக்க நடவடிக்கையாக அணை முன்கூட்டியே திறந்து வைக்கப்பட்டது.’ நெஞ்சம் குளிர்ந்ததை யார் அளந்தார்? வரலாற்றுச் சிறப்பு என்பதை வரலாறு சொல்லட்டும். ‘முன்கூட்டி’ என்றால் எத்தனை நாள் முன்? களைந்தபின் நிற்பது: ‘வழக்கமான ஜூன் 12-க்குப் பத்தொன்பது நாள் முன்னதாக, 2022 மே 24 அன்று அணை திறக்கப்பட்டது.’ வாக்கியம் குறுகிற்று, தகவல் கூடிற்று. செய்திக் குறிப்பைப் பற்றிய கட்டுரையே செய்திக் குறிப்பின் நடையில் இருப்பதைப் போன்ற வேடிக்கை வேறில்லை. இருந்தாலும் அது அடிக்கடி நடக்கும். மக்கள் தொடர்புத் தொழிலில் உள்ள நிறுவனங்கள் தங்கள் பெயரையும் இணைய முகவரியையும் அத்தகைய பக்கத்தில் நுழைக்கப் பார்ப்பது இயற்கைதானே. கண்டால் நீக்குங்கள், சுருக்கக் கட்டத்தில் காரணம் எழுதுங்கள்.

உங்கள் தந்தையோ அண்ணனோ பணியாற்றும் அலுவலகத்தைப் பற்றியும், நம் பள்ளியைப் பற்றியும் நீங்களே எழுதுவதைத் தவிருங்கள். நம் ஆண்டு விழாச் செய்திக் குறிப்பை நாம் பத்திரிகைக்கு அனுப்பலாம்; அதை நாமே கலைக்களஞ்சியத்தில் ஏற்றலாகாது. தவறு கண்டால் பேச்சுப் பக்கத்தில் எழுதி, மற்றொருவர் திருத்தட்டும் என்று விடுவதே முறை. பிற நூல்களிலிருந்தும் செய்திக் குறிப்புகளிலிருந்தும் பத்தி பத்தியாக எடுத்து ஒட்டுவதும் கூடாது. படித்து, நூலை மூடிவைத்து, உங்கள் தமிழில் எழுதி, எங்கிருந்து அறிந்தீர்கள் என்று குறிப்பிடுங்கள்.

வேலை முடிந்ததும் கட்டுரையை உங்கள் ‘கவனிப்புப் பட்டியலில்’ சேர்த்து வையுங்கள். யாரேனும் மாற்றினால் அது காட்டிக் கொடுக்கும். பள்ளி இறுதி வகுப்பினர் விடைபெற்றுப் போகுமுன், பேச்சுப் பக்கத்தில் எந்தெந்தப் பகுதிக்கு இன்னும் சான்று கிடைக்கவில்லை என்று ஒரு பட்டியல் எழுதி விட்டுச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு வகுப்பினர் அங்கிருந்து தொடங்குவார்கள். மேட்டூர் அணை பற்றிய கட்டுரையையும் பார்த்துக்கொள்ள இருவர் முன்வந்தால் நல்லது. அதில் திறந்த நாளுக்கு எதிரே மூடிய நாளையும் எழுத ஜனவரிவரை காத்திருக்க வேண்டும்.